கூரை மின்சாரமும் கழிவுத் தொகையும்: சாக்ரமெண்டோ நகரின் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்களின் முடிசூட்டும், போர்க்களங்களும், உடன்படிக்கைகளுமே மக்களின் நினைவுக்கு வருதல் இயல்பு. வீட்டுக்காரர் ஒருவர் மின்சார வாரியத்துக்கு எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத் தாளுக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். எனினும், ஒரு சமுதாயம் தன் பொதுப்பணத்தை யாருக்கு, எதன் பொருட்டு, என்ன நிபந்தனையின் பேரில் கொடுத்தது என்பதை அறிய விரும்புவோர்க்கு அத்தகைய தாள்களைக் காட்டிலும் நம்பத்தக்க சான்று வேறில்லை.

வீட்டின் கூரைமேல் சூரிய மின்தகடுகளைப் பொருத்துவோர்க்கு உள்ளூர் மின்சார வாரியம் செலவில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேரூன்றிய ஒன்று. இதனைக் கழிவுத் தொகை என்பர். இதனைச் சிலர் தருமம் என்றனர். வேறு சிலர் வசதி படைத்தோர்க்கு மேலும் கொடுக்கும் வீண் செலவு என்றனர். உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளது. அதனை ஆராய்வதற்குக் கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சாக்ரமெண்டோவை விடத் தக்க இடம் கிடைத்தல் அரிது.

தகடு பிறந்த கதை

ஒளியினின்று நேரே மின்சாரம் எடுக்கலாம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிஞர் கண்ட உண்மை. ஆயினும் அது பயன்படும் கருவியாக உருப்பெற்றது 1954-ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாரில் சேப்பின், கால்வின் புல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகிய மூவரும் ஆக்கிய சிலிக்கன் மின்கலம் உலகுக்குக் காட்டப்பட்டது. ஒரு சிறு பொம்மை இராட்டினத்தை அது சுழற்றியது. விழுந்த ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கையே அது மின்சாரமாக மாற்றிற்று.

விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே அதனை முதலில் வாங்கியோர் வீட்டுக்காரர் அல்லர்; விண்வெளி ஆய்வாளரே. 1958 மார்ச்சு மாதத்தில் ஏவப்பட்ட வான்கார்டு என்னும் செயற்கைத் துணைக்கோள் இம்மின்கலங்களைத் தாங்கிச் சென்றது. மண்ணிலோ ஒரு முடிச்சு அவிழாமல் கிடந்தது. விலை குறையாததால் வாங்குவோர் இல்லை. வாங்குவோர் இல்லாததால் பெருமளவில் செய்வார் இல்லை. பெருமளவில் செய்யாததால் விலையும் குறையவில்லை. இந்த முடிச்சை யாரேனும் வெளியிலிருந்து அவிழ்க்க வேண்டியிருந்தது. கழிவுத் தொகையின் பிறப்புக்கு மூலகாரணம் இதுவே.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அமெரிக்க அரசும் கலிபோர்னியா மாநில அரசும் சூரியக் கருவிகளை வாங்குவோர்க்கு வருமான வரியில் சலுகை கொடுத்துப் பார்த்தன. அவற்றுள் பெரும்பாலானவை வெந்நீர்க் கருவிகள். அந்தச் சலுகை, கருவிக்குக் கொடுத்த விலையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்பட்டது. கருவி எவ்வளவு வேலை செய்தது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆகவே விலை கூடக்கூடச் சலுகையும் கூடிற்று. 1985-ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய அரசின் சலுகை முடிந்ததும் விற்பனைக் குழுக்கள் பல மறைந்தன. பழுதான கருவிகளைப் பார்ப்பார் இல்லாமற் போயிற்று. விலைக்குப் பணம் கொடுப்பது வேறு, விளைவுக்குப் பணம் கொடுப்பது வேறு என்னும் பாடத்தை இதனால் அதிகாரிகள் கற்றனர். பின்னாளில் வந்த விண்ணப்பத் தாள்களின் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இந்தப் பாடம் நிற்பதைக் காணலாம்.

மக்களே உரிமையாளர்

சாக்ரமெண்டோ நகராண்மைப் பொதுப்பயன் மாவட்டம் என்பது அந்நகருக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பெயர். மாவட்டம் என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. அஃது ஒரு மின்சார வாரியமே. ஆனால் பங்குதாரர் எவரும் அதற்கு இல்லை. அதன் இயக்குநர்களை அங்கு வாழும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். 1923-ஆம் ஆண்டில் மக்கள் வாக்களித்து இதனைத் தோற்றுவித்தனர். அதுவரை மின்சாரம் விற்று வந்த தனியார் நிறுவனம் எளிதில் விட்டுக் கொடுக்கவில்லை. வழக்கும் எதிர்வழக்குமாக ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1946-ஆம் ஆண்டின் கடைசி நாளன்றுதான் கம்பிகளும் கம்பங்களும் மக்களின் வாரியத்துக்குக் கைம்மாறின.

1970-களில் இவ்வாரியம் நகருக்குத் தென்கிழக்கே ராஞ்சோ சேக்கோ என்னுமிடத்தில் ஓர் அணுமின் நிலையத்தைக் கட்டியது. 1975-இல் அது வேலை தொடங்கிற்று. அதன் திறன் 913 மெகாவாட். ஆனால் அடிக்கடி பழுதுற்று நின்றது. 1985 டிசம்பரில் நிகழ்ந்த கோளாறுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்தது. செலவு மக்களின் தலைமேல் ஏறியது, கட்டணம் உயர்ந்தது. இறுதியில் 1989 ஜூன் 6-ஆம் நாள் இந்நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று மக்களையே கேட்டனர். வேண்டாம் என்போர் சிறு பெரும்பான்மையில் வென்றனர். மறுநாளே நிலையம் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் மக்கள் வாக்கினால் மூடப்பட்ட முதல் அணுமின் நிலையம் இதுவே.

பெரியதொரு மின்நிலையத்தை ஒரே நாளில் இழந்த வாரியம் என்ன செய்யும்? 1990-இல் அதன் தலைமை நிர்வாகியாக டேவிட் பிரீமன் பொறுப்பேற்றார். டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக இருந்து பழுத்த அனுபவம் பெற்றவர் அவர். மின்சாரத்தை மேலும் உற்பத்தி செய்வதற்கு முன் வீணாவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மின்சாரத்தை விழுங்கும் பழைய குளிர்ப்பெட்டிகளைக் கொடுத்தோர்க்கு வாரியம் பணம் கொடுத்தது. வெயிலில் வாடும் வீடுகளுக்கு நிழல் தரும் மரக்கன்றுகளை இலவசமாகத் தந்தது. கூரை மின்சாரம் இந்தக் குடும்பத்தில் பிறந்த கடைக்குட்டி எனலாம்.

கூரையைக் கொடுத்தோர்

ராஞ்சோ சேக்கோ நிலையத்தின் அருகிலேயே 1984-இலும் 1986-இலும் ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட் திறனுள்ள இரண்டு சூரிய மின்களங்களை வாரியம் அமைத்திருந்தது. ஆகவே இத்தொழில் அதற்குப் புதிதன்று. 1993-ஆம் ஆண்டில் அது மக்களிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. அந்த வேண்டுகோள் விந்தையானது. வாரியம் தன் செலவில் தன் தகடுகளை வீட்டுக் கூரைமேல் வைக்கும். அதில் விளையும் மின்சாரம் வாரியத்துக்கே உரியது. கூரையைக் கொடுக்கும் வீட்டுக்காரர் மாதந்தோறும் ஏறத்தாழ 4 டாலர் கூடுதலாகவும் கட்ட வேண்டும்! திட்டத்தில் சேர்ந்தோரைச் சூரிய மின்சார முன்னோடிகள் என்று அழைத்தனர்.

கூரையையும் கொடுத்து மேலே பணமும் கொடுப்பார் உண்டோ என ஐயுறலாம். உண்டு என்பதைச் சாக்ரமெண்டோ காட்டியது. ஆண்டுக்கு நூறு வீடுகள் என்ற அளவிலேயே வாரியம் தகடுகளைப் பொருத்தியது; விண்ணப்பித்தோரோ அதனினும் பன்மடங்கு. கூரை எத்திசை நோக்கியுள்ளது, நிழல் விழுகிறதா, தகடுகளுக்கு வேண்டிய பரப்பு உளதா என்று பார்த்துத் தகுந்தவற்றையே தேர்ந்தெடுத்தனர்.

இத்திட்டத்தால் விளைந்த நன்மை கிடைத்த மின்சாரத்தின் அளவில் இல்லை. அது மிகச் சிறிது. ஒரே நகரில் ஆண்டுதோறும் தவறாமல் தகடு வாங்கும் வாடிக்கையாளர் ஒருவர் தோன்றினார் என்பதே நன்மை. கூரையில் ஏறிப் பொருத்தத் தெரிந்த தொழிலாளர் உருவாயினர். நகராண்மைக் கட்டட ஆய்வாளர்கள் இதனைச் சோதிக்கக் கற்றனர். 1990-களின் கடைசியில் வாரியம் இரண்டாம் திட்டத்தைத் தொடங்கிற்று. இம்முறை தகடுகள் வீட்டுக்காரருக்கே சொந்தம். வாரியம் மொத்தமாக வாங்கி, விலையில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக் கொண்டு, குறைந்த விலைக்கு அவரிடம் விற்றது. முன்பு கூரையை இரவல் கொடுத்தவர் இப்போது சிறு மின்நிலையம் ஒன்றுக்கு உடைமையாளர் ஆனார். கழிவுத் தொகை என்பது இங்கே தன் முழு உருவைப் பெற்றது.

மாநிலம் பின்தொடர்ந்தது

கலிபோர்னியா சட்டமன்றம் 1995-இல் இயற்றிய சட்டம் இதற்கு வழி வகுத்திருந்தது. பகலில் கூரை தரும் மின்சாரம் வீட்டின் தேவைக்கு மிஞ்சினால் அது கம்பி வழியே வாரியத்துக்குச் செல்லும்; மீட்டர் பின்னோக்கி ஓடும். இரவில் வாரியத்தினின்று வாங்கும்போது முன்னோக்கி ஓடும். இரண்டையும் கழித்து எஞ்சியதற்கே கட்டணம். இதனை நிகர அளவீட்டு முறை என்பர். 1998-இல் மாநில எரிசக்தி ஆணையம் தனியார் மின் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாட்டுக்கு 3 டாலர் வீதம் கழிவு கொடுக்கத் தொடங்கிற்று.

முதலில் ஆர்வம் மந்தமாகவே இருந்தது. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் மாநிலத்தில் மின்சாரப் பஞ்சம் தலைவிரித்தாடியது. ஊர்தோறும் முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தினர். 2001 ஏப்ரலில் மாநிலத்தின் மிகப் பெரிய மின் நிறுவனங்களுள் ஒன்று நீதிமன்றத்தில் திவால் மனுக் கொடுத்தது. விளக்கு அணைந்தபோதுதான் மக்கள் கூரையை அண்ணாந்து பார்த்தனர், விண்ணப்பங்கள் குவிந்தன.

2006 ஆகஸ்டு 21-ஆம் நாள் ஆளுநர் ஆர்னால்டு சுவார்ஸநெகர் கையெழுத்திட்ட சட்டம் இதனைப் பத்தாண்டுத் திட்டமாக்கிற்று. மொத்தத் தொகை ஏறத்தாழ 335 கோடி டாலர். அடைய வேண்டிய இலக்கு 3,000 மெகாவாட். சாக்ரமெண்டோவைப் போன்று மக்களுக்கு உரிமையான வாரியங்களும் 2008 தொடக்கத்துக்குள் கழிவு கொடுத்தே ஆக வேண்டும், வாட்டுக்கு 2.80 டாலரினும் குறையக் கூடாது, அதன்பின் ஆண்டுதோறும் சராசரியாக நூற்றுக்கு 7 வீதமேனும் குறைத்து வர வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. அவ்வாரியங்களின் பங்கு 78.4 கோடி டாலர்.

கொடுக்கும் தொகை குறைந்துகொண்டே வரவேண்டும் என்பதே இச்சட்டத்தின் உயிர்நாடி. தனியார் நிறுவனங்களின் பகுதியில் இது படிப்படியாக அமைந்தது. வீடுகளுக்கு வாட்டுக்கு 2.50 டாலர் என்ற படியிலிருந்து கீழிறங்கிப் பத்தாம் படியில் 20 காசுக்கு வந்து நின்றது. குறித்த அளவு மெகாவாட்டுக்கு விண்ணப்பம் பதிவானதும் படி ஒன்று இறங்கும். இன்ன தேதியில் இறங்கும் என்றில்லை. மக்கள் முந்தினால் விரைவில் இறங்கும், தயங்கினால் மெல்ல இறங்கும். பந்திக்கு முந்தியவருக்குப் பாயசம் மிகுதி. ஆனால் பிந்தியவர் ஏமாந்து போனார் என்று கூறுதற்கில்லை. அவருக்குத் தகட்டின் விலை குறைந்திருந்தது.

விண்ணப்பம் செய்த முறை

விண்ணப்பம் எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று விரித்துக் கூறுதல் நன்று. ஏனெனில் நிர்வாகத்தின் அறிவு அதன் படிவங்களில் வெளிப்படும்.

மாநிலத் திட்டத்தில் சேர விரும்பிய வீட்டுக்காரர் முதலில் தம் வீட்டின் மின்செலவைக் கணக்காய்வு செய்தல் வேண்டும். எங்கே வீணாகிறது என்று தெரிந்து அதனை முதலில் அடைத்தால் குறைந்த தகடுகளே போதும். ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதற்குப் பொதுப்பணம் இல்லை என்பது இதன் கருத்து. பின்னர் அவர் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரைத் தேட வேண்டும். தகடும், தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரும் எரிசக்தி ஆணையத்தின் பட்டியலில் இடம் பெற்றவையாக இருக்க வேண்டும். பத்தாண்டு உத்தரவாதமும் உண்டு. 1980-களில் மறைந்து போன விற்பனையாளரின் நினைவு இந்த நிபந்தனைகளை எழுதியவர்களை விட்டு நீங்கவில்லை என்பது தெளிவு.

வேலை தொடங்குமுன் தொகையைப் பதிவு செய்து கொள்ளுதல் இரண்டாம் கட்டம். இதனால் அன்றைய படியின் விகிதம் அவருக்கு உறுதியாயிற்று. வேலையை முடிக்க வீட்டுக்காரருக்குக் கால வரம்பு உண்டு. தவறினால் அந்த இடம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போகும். மூன்றாவதாக, தகடுகளைப் பொருத்தியபின் நகராண்மையின் ஆய்வாளர் பார்த்து ஒப்ப வேண்டும். மின் நிறுவனம் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மீட்டரை மாற்ற வேண்டும். இவையெல்லாம் முடிந்த பின்னரே பணம் கேட்கும் படிவம். தகடு எரியாத வீட்டுக்குக் காசு இல்லை. கழிவு தமக்கு வராமல் ஒப்பந்தக்காரருக்கே நேரே செல்லுமாறு எழுதிக் கொடுக்கவும் வழி இருந்தது. முழு விலையையும் முன்கூட்டிப் புரட்ட இயலாத குடும்பங்களுக்கு இச்சிறு வரி பெரிய உதவி.

தொகையைக் கணக்கிட்ட முறையும் நோக்கத்தக்கது. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போர்க்கு இது விளங்கும். 4 கிலோவாட், அதாவது 4,000 வாட் திறனுள்ள தகடுகள் என்று கொள்க. வாட்டுக்கு 2.50 டாலர் வீதம் கழிவு 10,000 டாலர். ஆனால் கூரை தவறான திசை நோக்கியிருந்தாலோ, அயல் மரத்தின் நிழல் விழுந்தாலோ, விளைச்சல் குறையும். உத்தமமான கூரையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 90 பங்கே விளையும் எனக் கணக்கு வந்தால், கழிவும் 9,000 டாலராகக் குறையும். அதே தகடு கடைசிப் படியில் 800 டாலர்தான் பெற்றிருக்கும். பெரிய கட்டடங்களுக்கு இக்கணக்கும் இல்லை; அவற்றுக்கு ஐந்தாண்டுக் காலம் மாதந்தோறும் மீட்டர் காட்டிய யூனிட்டுக்கு இவ்வளவு என்றே கொடுத்தனர்.

இதில் ஒரு நுட்பம் மறைந்து கிடக்கிறது. வடகோளத்தில் தெற்கு நோக்கிய கூரையே ஆண்டு முழுதும் மிகுதியான ஒளியைப் பெறும். ஆயினும் தெற்கிலிருந்து மேற்கு வரை எத்திசையாயினும் ஒரே மதிப்பு என்று இத்திட்டம் வகுத்தது. காரணம் யாதெனில், கலிபோர்னியாவின் கோடையில் குளிர்சாதனங்கள் மாநிலம் முழுதும் ஒருசேர ஓடுவது பிற்பகலில். மேற்குக் கூரைக்கு அந்நேரத்தில்தான் வெயில். மொத்த யூனிட்டைக் காட்டிலும் வேண்டிய நேரத்தில் வரும் யூனிட்டு உயர்ந்தது என்பதை ஒரு கணக்கு வரியில் அடக்கிவிட்டனர்.

அயல் நாட்டு வழிகள்

இதே முடிச்சை வேறு நாட்டார் வேறு வகையில் அவிழ்த்தனர். ஜெர்மனியின் ஆக்கன் நகர மன்றம் 1992-இல் ஒரு முடிவு செய்தது. தகட்டை வாங்கப் பணம் கொடாது, விளைந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் செலவு ஈடாகும் அளவு, அதாவது ஏறத்தாழ 2 மார்க், நகர மின்நிறுவனம் கொடுக்க வேண்டும் என்பதே அம்முடிவு. தகராறுகள் தீர்ந்து 1995-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கான பணம் நகரின் எல்லா வாடிக்கையாளரின் கட்டணத்திலும் சிறிது சேர்க்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாடு முழுமைக்கும் இயற்றிய சட்டத்துக்கு இச்சிறு நகரே முன்மாதிரி. ஜப்பான் 1994-இல் தொடங்கிய திட்டத்தில் செலவில் ஏறத்தாழப் பாதியை அரசே ஏற்றது. பின்னர் ஆண்டுதோறும் குறைத்து வந்தது. தகட்டின் விலை வீழ்ந்ததற்குக் கலிபோர்னியா மட்டும் உரிமை கொண்டாட இயலாது. ஜப்பானியரும் ஜெர்மானியரும் வாங்கிய தகடுகளும், பின்னர்ச் சீனாவில் எழுந்த பெருந்தொழிற்சாலைகளும் அதற்குக் காரணம்.

மரமும் தகடும்

சாக்ரமெண்டோ வாரியம் ஒரு கையால் நிழல் மரம் கொடுத்தது. மறு கையால் நிழல் ஆகாத தகடு கொடுத்தது என்பதைக் கூர்ந்து நோக்குவோர் நகைக்கலாம். இது வெறும் வேடிக்கையாக முடியவில்லை. தகட்டின்மேல் அயலார் மரத்தின் நிழல் விழலாகாது என்று கலிபோர்னியாவில் 1978-இலேயே சட்டம் இருந்தது. சன்னிவேல் என்னும் ஊரில் தகடு வைத்த வீட்டுக்காரர் ஒருவர், அயல் வீட்டுச் செம்மரங்களின் நிழல் பற்றி முறையிட்டார். மரங்களோ தகடு வருமுன்பே நடப்பட்டவை. ஆயினும் மரக்காரர் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரெங்கும் எழுந்த வாதத்தின் பயனாக 2008-இல் சட்டம் திருத்தப்பட்டது. தகட்டுக்கு முன் நட்ட மரத்தைச் சட்டம் தொடாது என்றாயிற்று. வெயில் எல்லார்க்கும் பொது. ஆனால் கூரையில் விழும் வெயிலுக்கு விலை வந்தவுடன் வேலிக்கு இருபுறமும் வழக்கு வந்துவிட்டது.

கூரை இல்லாதோர்

இதனினும் பெரிய வழக்கு ஒன்று உண்டு. அது நீதிமன்றம் ஏறாத வழக்கு. கழிவுத் தொகை எங்கிருந்து வந்தது? வாரியத்தின் எல்லா வாடிக்கையாளரும் கட்டும் கட்டணத்தினின்றே வந்தது. அவர்களுள் வாடகை வீட்டில் குடியிருப்போர் பலர். அடுக்கு மாடியில் ஓர் அறையில் வாழ்வோர் பலர். அவர்களுக்குக் கூரை இல்லை. கூரை இருந்தும் பல்லாயிரம் டாலர் முதல் போட வழியற்றோரும் பலர். கொடுப்போர் எல்லாரும், பெறுவோர் சிலரும் என்றால் அது நியாயமா? எளியவரின் சில்லறை சேர்ந்து வசதியுள்ளவரின் கூரைமேல் ஏறுகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்ததில் வியப்பில்லை.

இக்குற்றச்சாட்டைத் தள்ளிவிட இயலாது. அதற்கு விடை தேடப்பட்டது என்பதையும் மறைக்க இயலாது. மாநிலத் திட்டத்தின் தனியார் நிறுவனப் பகுதிக்கு ஒதுக்கிய 216.7 கோடி டாலரில் பத்தில் ஒரு பங்கு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென்றே பிரித்து வைக்கப்பட்டது. தனி வீடுகளுக்கு ஒரு திட்டமும், பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்கு மற்றொரு திட்டமும் வகுத்தனர். தனி வீட்டுத் திட்டத்தை நடத்தியது ஓக்லண்டு நகரைச் சேர்ந்த கிரிட் ஆல்டர்நேட்டிவ்ஸ் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு. தொண்டர்களையும் தொழில் பயில்வோரையும் கூரையில் ஏற்றி அவ்வமைப்பு தகடுகளைப் பொருத்தியது.

சாக்ரமெண்டோ வாரியம் வேறொரு வழி கண்டது. 2008-இல் அது ஊருக்கு வெளியே அமைந்த சூரியக் களத்தில் பங்கு விற்கத் தொடங்கிற்று. வாடகைக்காரரும் மாதம் ஒரு தொகை கட்டிப் பங்கு பெறலாம். அப்பங்கில் விளைந்த யூனிட்டுகள் அவருடைய பில்லில் கழியும். கூரை இல்லாதவருக்குக் களத்தில் ஒரு பங்கு என்பது நல்ல எண்ணமே. ஆனால் பங்குக்கும் மாதப் பணம் வேண்டும் ஆகலின், மிக எளியவர் அதிலும் வெளியே நின்றனர் என்பதைச் சொல்லாமல் விடலாகாது.

கழிவு முடிந்த விதம்

2007-இல் ஒரு வீட்டுக் கூரைத் தகட்டின் நிறுவு செலவு வாட்டுக்கு 8 டாலருக்கு மேல் இருந்தது. பத்தாண்டுக்குள் அது பாதிக்கும் கீழே இறங்கிற்று. பல பகுதிகளில் வீடுகளுக்கான தொகை திட்டம் முடியும் முன்பே தீர்ந்தது. தொகை தீர்ந்த பின்னும் மக்கள் தகடு வாங்குவதை நிறுத்தவில்லை. 2019 டிசம்பரில் கலிபோர்னியாவில் கூரைச் சூரிய நிலையங்கள் பத்து லட்சத்தை எட்டின. 2020 சனவரி முதல் புதிதாகக் கட்டும் வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் கட்டாயம் என்று கட்டட விதியே வந்துவிட்டது. பணம் கொடுத்து வேண்டிய ஒன்றைச் சட்டம் இட்டுக் கேட்கும் நிலை வந்தது.

வெற்றியே புதுச் சிக்கலையும் கொணர்ந்தது. நண்பகலில் மின்சாரம் மிகுந்து வழிந்தது. சூரியன் சாய்ந்ததும் பற்றாக்குறை. நண்பகல் யூனிட்டுக்கு மாலை யூனிட்டின் விலையைக் கொடுத்தல் தகுமா என்ற கேள்வி எழுந்தது. சாக்ரமெண்டோ வாரியம் 2022 மார்ச்சு முதல் புதிதாகச் சேருவோர் அனுப்பும் யூனிட்டுக்கு 7.4 காசு என்று வரையறுத்தது. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரிக்கு ஊக்கத் தொகை கொடுக்கத் தொடங்கிற்று. முன்பே சேர்ந்தோர்க்குப் பழைய முறையைச் சில காலம் விட்டுவைத்தது. தனியார் நிறுவனங்களின் பகுதியில் 2023 ஏப்ரலுக்குப் பின் விண்ணப்பித்தோர்க்கு, அனுப்பும் யூனிட்டின் மதிப்பு சராசரியாக முன்னையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. மத்திய அரசு வீட்டுத் தகடுகளுக்குக் கொடுத்து வந்த 30 விழுக்காட்டு வரிச் சலுகையும் 2025 ஜூலையில் இயற்றிய சட்டத்தால் அவ்வாண்டு டிசம்பர் இறுதியோடு நின்றது.

இந்நாட்டில்

மலேசியாவும் இவ்வழியில் நடந்த நாடே. 2006-இல் தொடங்கிய சூரியா 1000 திட்டத்தில் கழிவு ஏல முறையில் கொடுக்கப்பட்டது. செலவில் தம் பங்கு எவ்வளவு என்று விண்ணப்பதாரர் எழுதித் தருவர். சொந்தப் பணம் மிகுதியாகப் போட முன்வந்தவர்க்கே இடம். 2011-ஆம் ஆண்டின் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்துக்குப் பின் ஆக்கன் நகர வழி பின்பற்றப்பட்டது. அதற்கான நிதிக்கு மின்கட்டணத்தில் முதலில் நூற்றுக்கு 1 வீதமும், 2014 முதல் 1.6 வீதமும் வாங்கினர். ஆனால் மாதம் 300 யூனிட்டுக்குள் செலவிட்ட வீடுகளை அதிலிருந்து விலக்கினர். எளியவரின் சில்லறையைத் தொடாமல் விட்ட இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. 2024 ஏப்ரலில் வந்த திட்டத்தில் கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட் வீதம், 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமல், நேரடிக் கழிவே கொடுக்கப்பட்டது.

எனினும் கூரை இல்லாதோர் கேள்வி இங்கும் உண்டு. தோட்டத்து லயங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் எஞ்சின் விளக்கு எரிந்த காலத்தை முதியோர் மறந்திலர். அக்குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் இன்று அடுக்கு மாடியில் வாழ்கின்றனர். தோட்டத்தில் எஞ்சியோரின் வீடு நிர்வாகத்தின் உடைமை. கூரையின் உரிமையாளர்க்கே கழிவு என்றால், கூரையின் கீழ் வாழ்வோர்க்கு என்ன என்பது சாக்ரமெண்டோவில் முழுமையாகத் தீராத கேள்வி. இங்கும் தீர வேண்டிய கேள்வி.

முடிவுரை

கழிவுத் தொகை தருமம் அன்று. தருமத்துக்குக் கணக்கும் மீட்டரும் வேண்டுவதில்லை. அது வீண் செலவும் அன்று. வீண் செலவாயின் கொடுப்பதை நிறுத்தியதும் எல்லாம் நின்றிருக்கும். விலை அதிகமாக இருந்த காலத்தில் வாங்கியவர் பின்னால் வருவோர்க்காக வழி வெட்டினார். அவருடைய சுமையில் ஒரு பங்கை ஊரார் ஏற்றனர். ஊரார் ஏற்றதற்கு ஈடாக வேலை செய்யும் தகட்டையும், அளந்த யூனிட்டையும், ஆண்டுக்காண்டு குறையும் தொகையையும் கேட்டனர். சாக்ரமெண்டோவில் அது இயன்றதற்குக் காரணம், வாரியம் தங்களுடையது என்று மக்கள் எண்ணியதும், அதனைக் கேள்வி கேட்கும் உரிமை அவர்களிடம் இருந்ததுமே ஆகும்.

ஆகவே எந்த ஊரில் இத்தகைய விண்ணப்பத் தாள் மக்கள் கைக்கு வந்தாலும் அதனை நான்கு கேள்விகளோடு படித்தல் நலம். பணம் யார் கட்டணத்தினின்று வருகிறது? பொருளின் விலைக்குக் கொடுக்கப்படுகிறதா, அதன் விளைவுக்குக் கொடுக்கப்படுகிறதா? எப்போது, எவ்வாறு நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டுளதா? கூரை இல்லாதவர்க்கு அதில் இடம் உண்டா? முதல் மூன்றுக்கும் சாக்ரமெண்டோ தெளிவான விடை எழுதியது. நான்காவதற்குப் பாதி விடையே எழுதிற்று. மறு பாதியை எழுத வேண்டியவர்கள் இனி வருவோர்.